அம்மை போகும் வரை

ஜன்னல் கதவு ஒரு சாண் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளே பொன்னம்மையின் முகத்தில் பாதி தெரிந்தது. அந்தப் பாதியும் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, அம்மை வந்திருக்கா. போறது வரைக்கும் இஞ்ச வரவேண்டாம். உங்க வீட்டுச் சட்டி பானை ஒண்ணும் கொண்டு வரவேண்டாம், கேட்டீங்களா?"

"ஐயோ, எப்பம்மா?"

"நேத்து சாயங்காலம். மெள்ளப் பேசுங்க. ஆருகிட்டயும் மிண்டாண்டாம், மூச்சுக் காட்டாதீங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது. எலிசாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

எலிசாள் பாளையங்கோட்டைக்காரி. கணவன் தாசையனுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் வேலை என்பதால் ஆரியசாலைச் சந்தில் குடித்தனம். அடுத்த வீட்டுப் பொன்னம்மை நாஞ்சில் நாட்டுக்காரி. ஒரு வீட்டுக் குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகாத நாள் கிடையாது.

பொன்னம்மையின் பேச்சில் பாதி எலிசாளுக்குப் பிடிபடாது. ஆனால் இது பிடிபட்டது. கோயில் கும்பிடுகிறவர்கள் அந்த நோயை நோய் என்று சொல்லமாட்டார்கள். யாரோ பெரிய மனுஷி வந்த மாதிரி, 'வந்திருக்கா' என்று மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

எலிசாளின் அக்காள் எஸ்தருக்குச் சின்ன வயதில் அந்த நோய் கண்டு, வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்குள் ஓடி, தொட்டிலில் கிடந்த குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள் எலிசாள். திரு-கொச்சி சர்க்காரின் அம்மை குத்துகிறவர் இன்னும் இந்தச் சந்துக்கு வந்தபாடில்லை. குழந்தைக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது.

விஷயத்தைக் கேட்டதும் தாசையன் பதறிப்போனான்.

"முதல்ல கதவைச் சாத்துளா. யாரும் கேட்டா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிரு."

"தெரியுமே."

"தெரிஞ்சா என்ன?"

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கை தூக்கினீங்களா, இல்லையா?"

போதகர் அன்றைக்குச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "அடுத்த வீட்டுக் கஷ்டம் தெரிந்தும் தெரியாது என்கிறவன் பொய்யும் சொல்கிறான், அன்பையும் கொல்கிறான். இனி அப்படிச் செய்யமாட்டோம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்." சபை முழுவதும் தூக்கியது. தாசையன் இரண்டு கையையும் தூக்கினான். ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

"அவ புருசன் சரக்கு எடுக்கக் கொல்லத்துக்குப் போயிருக்கார். கைப்பிள்ளையை வச்சுக்கிட்டுத் தனியாக் கிடக்கா."

"தனியா எங்க? நல்லாக் கேளு, அங்க அடுக்களையில கடுகு வெடிக்குது. தாளிச்ச வாசம் இங்க வரைக்கும் மூக்கைத் துளைக்குது. சமைக்க ஆள் இருக்கு, நீ எதுக்கு?"

"காய்ச்சலோட அவளே எந்திரிச்சுப் பொங்குறா, பாவம். நான் பிரசவத்துல கிடந்தப்போ எனக்கு வெந்நி வச்சு ஊத்தினது யாரு? அவதானே?"

எலிசாள் ரேஷன் அரிசியில் கஞ்சி வைத்தாள். குழந்தையை முகர்ந்து பார்த்துவிட்டு தாசையனிடம் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, பிள்ளையை எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விட்டுருங்க."

"ஏளா, போகாதளா" என்றான் தாசையன். அவன் கண் கலங்கியிருந்தது. நின்றால் மனசு மாறிவிடும் என்று அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கிணற்றடியைத் தாண்டினால் பொன்னம்மை வீட்டுப் பின்வாசல். ஜெபம் பண்ண நினைத்தாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை. எஸ்தரின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து நின்றது. திரும்பி ஓடிவிடலாம் என்று இருந்தது. கஞ்சிச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கதவைத் தோளால் தள்ளினாள்.

"யாருக்கும்மா அம்மை? உனக்கா, பிள்ளைக்கா? எதுவானாலும் பயப்படாத. நான் இருக்கேன்."

மெதுவாகக் கண்ணைத் திறந்தாள்.

எதிரே பொன்னம்மை நின்றாள். முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை. பிள்ளை தரையில் தவழ்ந்து ஒரு கொட்டாங்கச்சியை உருட்டிக்கொண்டிருந்தது. அதன் மேலும் ஒன்றும் இல்லை.

"ஆருடி அது, சட்டியும் கையுமா உள்ள ஏறி வாறது?"

நெற்றி நிறையத் திருநீறும் கையில் கரண்டியுமாக அடுக்களையிலிருந்து வயதான ஒருத்தி வெளியே வந்தாள். எலிசாளின் தாலியில் இருந்த சிலுவையையும் கஞ்சிச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வேதக்காரியா? இவ பொங்கின சோத்தையா நீ இத்தனை நாளும் தின்னுக்கிட்டு இருந்த?"

பொன்னம்மை நிஜமாகவே காய்ச்சல் கண்டவள்போல் நடுங்கினாள். எலிசாள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அவள் வாயிலிருந்து பதில் வந்தது.

"எனக்குத்தான் அக்கா. இதாக்கும் என்னைப் பெத்த அம்மை."