பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை

“பிள்ளைக்குப் பரீட்சைன்னா சரிதான். பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் இங்கன ஒரு ஊசிவெடிகூட வெடிக்காது” என்றார் பட்டாசு ஆலை போர்மேன் ரத்தினசாமி.

செல்லச்சாமி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். அச்சங்குளத்தில் அந்த ஆலைக்குப் பின்னால் குடிவந்து இரண்டே மாதம். வேலிக்கு அந்தப் பக்கம்தான் வெடிகளைக் கொளுத்திச் சோதிக்கும் பொட்டல்.

உள்ளே லேப்டாப் முன்னால் இசைவாணி. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. இடையில் இரண்டு முறை நின்றுபோன ஆராய்ச்சி. இன்று தேறாவிட்டால் பதிவே ரத்தாகிவிடும்.

சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரங்கள் அடிக்கடி சீறித் தீயைக் கக்கும். அவற்றை நெருங்கிச் சுற்றும் கிரகங்களில் உயிர் தங்குமா? அதுதான் அவள் ஆராய்ச்சி.

திரையில் மூன்று பேராசிரியர்கள். கேள்விகள் நீண்டுகொண்டே போயின. செல்லச்சாமியின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டும் ஆயிற்று. தேர்வு முடியவில்லை.

மூவரில் திருச்சிப் பேராசிரியர் கடைசிக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டார். “இப்படிச் சீறுற நட்சத்திரத்துக்குப் பக்கத்துல எதும்மா உயிரோட இருக்கும்?”

ரத்தினசாமி சொன்ன நேரம் தவறாத மனிதர். ஆயிரம் வாலா வெடித்தது.

கூரைத் தகரம் அதிர்ந்தது. திரையில் மூன்று பேரும் நாற்காலியோடு பின்னுக்குப் போனார்கள். போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார் செல்லச்சாமி.

கடைசி வெடி அடங்கும்வரை இசைவாணி பொறுத்திருந்தாள்.

“நாங்க குடியிருக்கோமே, சார்.”

முதலில் சிரித்தவர் திருச்சிக்காரர்தான்.

பிறகு அவள் கணக்கைக் காட்டினாள். வேகமாகச் சுழலும் சில நட்சத்திரங்களில் பெரிய சீற்றங்கள் துருவத்தை ஒட்டியே கிளம்புகின்றன. இடுப்புபோன்ற நடுக்கோட்டுக்கு நேரே சுற்றிவரும் கிரகம் தப்பிக்க வழியுண்டு.

அடுத்த அரை மணி நேரத்தில் பட்டம் உறுதியானது.

சாயங்காலம் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலத்தோடு ரத்தினசாமியே வந்துவிட்டார். செல்லச்சாமிக்கு வாயெல்லாம் பல். இசைவாணி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பாஸாமே! எம்புட்டுப் பெருமை! எங்க, பிள்ளையக் கூப்பிடுங்க, பாப்போம்.”

அதற்குள் எட்டாம் வகுப்புச் சீருடையில் ஓடிவந்தாள் ஹர்ஷினி. புத்தகப் பையை அப்பா செல்லச்சாமியிடம் தள்ளிவிட்டு இசைவாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“யம்மா, பாஸாயிட்டியா?”