பத்தா, பதினைந்தா?

“பதினஞ்சுன்னு நான் எப்பம்மா ஒத்துக்கிட்டேன்? சான்ஸே இல்லை!”

மூன்றாம் மாடியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்திருந்தார் சீனியர் சார்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான புதியவளுக்கு வியர்த்தது. பல் மருத்துவமனை ஒன்றுக்காக எழுதிய மென்பொருள் அது. யாரோ எப்போதோ பாஸ்வேர்டை அதற்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஒப்படைப்பதற்குள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பழைய பதிவுகளையெல்லாம் முதலிலிருந்து திருத்தி, அந்தப் பாஸ்வேர்டைத் துடைத்தெடுக்கச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

முதல் தடவை திருத்தியபோது, இரண்டு பேர் தனித்தனியே எழுதியதை ஒன்றாகச் சேர்த்த மெர்ஜ் பதிவுகள் அத்தனையும் காணாமல் போயின. பதறிப்போய்ப் பழையபடி ஆக்கிவிட்டு, மெர்ஜ்களையும் காப்பாற்றும்படி மறுபடி ஓட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரே ஒரு மெர்ஜில் வந்து அடம்பிடித்து நின்றுவிட்டது. தாமதமாக வரும் நோயாளிக்காக எத்தனை நிமிடம் காத்திருப்பது? சார் எழுதியதில் பத்து, டிசைன் மேடம் எழுதியதில் பதினைந்து.

பழைய மெர்ஜில் பதினைந்து என்றுதான் இருந்தது. பேசாமல் அதையே போட்டுவிட்டுப் போயிருக்கலாம். மரியாதைக்கு இருவரையும் ஒரு வார்த்தை கேட்டதுதான் வினையாகிப் போனது.

“நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதவங்களுக்கு எதுக்குச் சலுகை? பத்து நிமிஷமே ஜாஸ்தி” என்றார் சார்.

பக்கத்து மேஜையிலிருந்த மேடம் நாற்காலியை வெடுக்கென்று திருப்பினார். “கிளம்பறவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். வாசல்ல நின்னு ஹாரன் அடிக்கிறவங்களுக்கு அது எங்கே புரியப்போகுது? அவர்கிட்ட சொல்லும்மா.”

“எனக்குக் காது நல்லாவே கேக்குதுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா!”

மணி நாலரை. இந்த இருவரையும் ஒரே ஆபீசில் வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று நொந்துகொண்டே பழைய மெர்ஜின் முழு விவரத்தையும் திறந்தவள், துள்ளிக் குதிக்காத குறை.

“சார்! இந்த மெர்ஜைப் பண்ணினதே நீங்கதான்! ‘மேடம் சொல்வதே சரி. பதினைந்து நிமிடம் என்ன, அரை மணி நேரம்கூடக் காத்திருக்கலாம்’னு குறிப்பு வேற எழுதியிருக்கீங்க!”

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். சார் குனிந்து தேதியைப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

“பதினஞ்சே போடும்மா” என்று முனகினார். “இதை எழுதின ரெண்டாவது மாசம்தான் எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு.”