சாவுகிராக்கி

"சாவுகிராக்கி! கெட்டுப்போனப்பவே செத்துத் தொலைய வேண்டியதுதான? கூட கீறவங்களையும் எரிய வுட்டுக்கினு இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

பச்சையம்மா போட்ட சத்தம் ராயபுரம் சந்து முழுக்கக் கேட்டது. எதிர் மளிகைக் கடை பெர்சிஸ் ஓடி வந்தாள். கட்டிலில் மனோகரன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"யக்கா, நீங்க செய்யது நல்லாயில்ல. கட்டுன புருஷனையா சாகச் சொல்லுதீய?"

"இவர சொன்னேன்னு யாருடி சொன்னா?"

"பின்ன, அவரு மூஞ்சிக்கு நேரா நின்னுல்லா கத்துதீய?"

பச்சையம்மா அவன் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை உருவினாள். காதுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்தது.

"இதத்தான் திட்றேன். கெட்டுப்போன செல்லுங்களப் பாத்து 'செத்துப்போ'ன்னு சொல்றதுக்கு ஒடம்புல ஒரு புரோட்டீன் கீதாம். இவருக்கு அதுவே கெட்டுப்பூட்ச்சின்னு டாக்டர் சொல்ட்டாரு. அதான் இந்தக் கேன்சர் கட்டி சாவாம, சுத்தியும் எரிய வுட்டு வீங்க வெச்சிக்கினு கீது."

பெர்சிஸுக்குக் குரல் இறங்கிவிட்டது. "மருந்து குடுப்பாவல்லா, யக்கா?"

"திங்கக்கெழமதான் ஆரம்பிப்பாங்களாம். அதுவரைக்கும் அத்த சாவுன்னு சொல்ல என்னை வுட்டா யாருடி கீறா?"