வாய்விட்டுச் சொன்ன மந்திரம்

மந்திரம் தெரிந்தவர்களைப் பிடித்து எரிக்க வீரர்கள் வந்திருந்தார்கள். குருவம்மா மந்திரத்தால் தன்னை மறைத்துக்கொண்டு சந்தை நடுவிலேயே நின்றாள். யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆனால் இன்னொரு மந்திரம் சொன்னால் அந்த மறைவு கலைந்துவிடும். அவள் காலடியில் அண்ணன் மாசாணம் கிடந்தான். தங்கையைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் வயிற்றில் ஈட்டியால் குத்தி, சாகட்டும் என்று விட்டிருந்தார்கள்.

அவள் குனிந்து அவன் கையைப் பிடித்தாள். தொட்டதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"வாயத் திறக்காத தாயி," என்று முனகினான். "ஓடிரு."

அவன் மூச்சு இழுப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காயத்தில் கையை வைத்து, ஆற்றும் மந்திரத்தை உரக்கச் சொன்னாள். முணுமுணுத்தால் அது பலிக்காது. ரத்தம் நின்றது. மாசாணம் எழுந்து உட்கார்ந்தான். சந்தையே அவளைத் திரும்பிப் பார்த்தது.

வீரர்கள் அவள் வாயில் துணியை அடைத்துக் கைகளைக் கட்டினார்கள். தலைவன் மாசாணத்தைச் சுற்றிவந்து பார்த்தான்.

"மந்திரத்துல பொழச்ச உடம்பு. இதுவும் எரியணும். இன்னொரு கட்டு வெறகு கொண்டாங்கடா."

மாசாணம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். துளி வலிகூட இல்லை.