வழிந்த கோப்பை

ஒரு வீட்டுக் கடல்மீன் தொட்டியில் பழையதும் புதியதுமாக ஸ்கிம்மர் என்னும் சுத்திகரிப்புக் கருவிகள் இரண்டு இருந்தன. தண்ணீரின் அழுக்கை நுரையாக்கித் தலைமேலிருக்கும் கோப்பையில் சேர்ப்பதுதான் அவற்றின் பிழைப்பு. "எந்தக் கோப்பை அதிகம் நிறையுதோ அது இருக்கட்டும், மத்ததைத் தூக்கிப் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து பழைய ஸ்கிம்மர் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிர் மூலையில் புதிது பொங்கிப் பொங்கி நுரைத்தது. தன்னிடமோ அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர்தான்.

தொட்டியிலிருந்த ஒரே மீனான கோமாளி மீன் மெல்ல அதனருகே வந்தது. "அண்ணே, உடம்பு என்னவோ பண்ணுது. கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்களேன்."

"என் பொழப்பே போகப்போகுது, உனக்குப் பேச்சு கேக்குதா?" என்று எரிந்து விழுந்தது ஸ்கிம்மர். மீன் பாறைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் பழைய ஸ்கிம்மரின் கோப்பை கன்னங்கரேலென்று நிறைந்து வழிந்தது. "தம்பி, வந்து பாருடா! ஜெயிச்சுட்டேன்!" என்று மீனைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது.

"கூப்பிடாதீங்க அண்ணே," என்றது புதிய ஸ்கிம்மர். "என் கோப்பையும்தான் வழியுது. ரெண்டு கோப்பையிலயும் இருக்கிறது அவன்தான்."

வீட்டுக்காரர் வந்து பாறையை நகர்த்தி, செத்து அழுகிக் கிடந்த மீனைப் பார்த்தார். அந்தத் தொட்டியை அழுக்காக்க இனி யாருமில்லை. இரண்டு ஸ்கிம்மர்களையும் நிறுத்தினார்.