வால்ரஸுக்கு ஏன் அவ்வளவு நீளத் தந்தம்?

"டீச்சர், அந்தக் கதையைச் சுவத்துலருந்து எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கர்ட் நீமி கெஞ்சினான். மற்ற பெற்றோர் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அவன் மனைவி ஜனெல் வெளியே பனிக்குவியல்களுக்கு நடுவே காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கதை?" நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டே கேட்டார் பெர்க்ஸ்ட்ராம் டீச்சர்.

"அந்த வால்ரஸ் கதை!"

பாலர் வகுப்பில் ஒரு மாதமாக இதுதான் பாடம். ஒரு மிருகத்தின் படத்தை நன்றாகப் பார்க்க வேண்டும். அதற்கு ஏன் இந்த மூக்கு, ஏன் இந்த வால் என்று கதை கட்டிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதி, பேர் போடாமல் மாட்டியிருந்தார் டீச்சர். தன் பிள்ளையின் கதை எது என்று பெற்றோர் இன்று கண்டுபிடிக்க வேண்டும்.

கர்ட் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டான்.

'வால்ரஸ் அப்பாவுக்குப் பெரிய மீசை. அதுல எப்பவும் சிப்ஸ் தூள். "வாசல்ல பனி வாரணும், எழுந்திரு"ன்னு அம்மா கூப்பிட்டா, "இதோ வர்றேன்"னு சொல்லும். வராது. ஒவ்வொரு "இதோ"வுக்கும் தந்தம் ஒரு அங்குலம் வளர்ந்துச்சு. இப்போ கனம் தாங்காம, நிஜமாவே எழுந்திரிக்க முடியல.'

"இது நீங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

கர்ட் மீசையைத் தொட்டுக் காட்டினான். ஏதோ உதிர்ந்தது.

"இந்த டுலூத் ஊர்ல பாதிப் பேருக்கு மீசை இருக்கு, கர்ட்."

"டிவியில ஹாக்கி மேட்ச் போட்டா நான் சோபாவை விட்டு எழுந்திரிக்கறதில்ல டீச்சர். போன வாரம் வாசல் பூரா ஜனெல் தனியாத்தான் வாரினா. நான் எட்டு தடவை 'இதோ'ன்னேன். எங்க பொண்ணு எல்சி எண்ணிக்கிட்டே இருந்திருக்கா! இன்னிக்கு என் மாமியார் வேற வர்றாங்க."

"எடுக்க முடியாது."

"மீசையையாவது அழிச்சிடுங்களேன்!"

"உங்க மீசையையா, அதோட மீசையையா?"

டீச்சர் நாற்காலியை விட்டுவிட்டுச் சிரித்தார். "இதை எடுக்கச் சொல்லி இன்னிக்கு வந்த நாலாவது அப்பா நீங்க. முதல்ல வந்தது என் வீட்டுக்காரர்."

"அவர் எதுக்கு?"

"இது நான் எழுதின கதை. பிள்ளைங்களுக்கு மாதிரி காட்டறதுக்காக. அவரைப் பார்த்துத்தான் எழுதினேன்."

கர்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடக் கடவுளே! தெரியாம எல்லாத்தையும் உளறிட்டேனே. நல்லவேளை, ஜனெல் காதுல..."

"எட்டு இல்ல, பதினொண்ணு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜனெல் பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டு நின்றாள்.

"எங்க பொண்ணு கதை எது டீச்சர்? அவளாவது உண்மையைச் சொல்லியிருக்காளான்னு பார்க்கிறேன்."

"நீங்கதான் கண்டுபிடிக்கணும்" என்ற டீச்சரின் கண் மட்டும் ஜன்னலோரத்துக்குப் போய்வந்தது.

அங்கே ஒரு பெங்குவின் படம். ஜனெல் கணவனுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கப் படித்தாள்.

'பெங்குவின் அப்பாவுக்கு ஏன் இவ்ளோ பெரிய தொப்பை? அது போர்வை. வெளியே குளிர். அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அப்பா "இதோ, இதோ"ன்னு சொல்லும், நகராது. அம்மாவுக்குக் கோபம் கோபமா வரும்.'

"பார்த்தியா?" என்று அவனை முறைத்துவிட்டு, கடைசி வரிகளுக்கு வந்தவள் குரல் தணிந்து படித்தாள்.

'அப்பாவால நகர முடியாது. தொப்பைக்கு அடியில, அப்பா காலு மேல, நான் தூங்கற மாதிரி நடிச்சிட்டு இருக்கேன்.'