புள்ளிகளுக்குள் நாற்பத்தைந்து

"மூணுன்னு சொல்லு. எட்டு இல்ல, மூணு. எங்க, இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்."

"ரெண்டாவது பக்கம் மூணு. எனக்கு எழுபத்துநாலா தெரியுற பக்கம் இருபத்தொண்ணு. போதும்ப்பா, எல்லாரும் நம்மளையே பார்க்குறாங்க."

கண் மருத்துவமனை பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து வாட்ச்காரரும் அவர் மகளும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். விமானப் பயிற்சிப் பள்ளியில் மகளுக்கு இடம் கிடைத்தாயிற்று. கண் டாக்டர் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கையெழுத்தில்தான் சிக்கல்.

போன வாரம், தன் வாட்ச் ரிப்பேர்க் கடைக்கு வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் நிறப் பார்வை சோதிக்கும் பழைய புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தார் வாட்ச்காரர். பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராகப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் ஓர் எண். பதில் தாள் எப்போதோ தொலைந்துபோயிருந்தது. பதில் தாள் எதற்கு? அவருடைய கண்தான் இருக்கிறதே! எள்ளைவிடச் சின்னத் திருகாணி தரையில் விழுந்தாலும் லென்ஸ் இல்லாமல் பொறுக்கி எடுக்கிற கண். தெருவே மெச்சுகிற கண்.

முதல் பக்கத்தில் இருவருக்கும் பன்னிரண்டு. இரண்டாவது பக்கத்தில் ஆரம்பித்தது வில்லங்கம். அவருக்கு மூன்று, மகளுக்கு எட்டு. அப்புறம் ஒன்றிலும் ஒத்துப்போகவில்லை. ஒரு பக்கத்தில் நாற்பத்தைந்து பளிச்சென்று இருந்தது. மகளோ, "நம்பரே இல்லப்பா, வெறும் புள்ளிதான்" என்றாள்.

நடக்கப் பழகிய நாளிலிருந்து விமானச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டோடு மொட்டைமாடிக்கு ஓடுகிற பெண். இவளுக்கா நிறக்குருடு?

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றார். மனைவிக்கு ஏற்கெனவே பெண்ணை ஆகாயத்துக்கு அனுப்புவதில் இஷ்டமில்லை. இது தெரிந்தால் இதையே சாக்காக வைத்து ஒரேயடியாக முட்டுக்கட்டை போட்டுவிடுவாள். ஆகவே, மனப்பாடம். அப்பா பார்த்துச் சொல்லச் சொல்ல, மகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள்.

இன்று காலை வாசலில் வைத்து மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு கால்ல பச்சை, ஒரு கால்ல பிரவுன். சாக்ஸைக்கூடப் பார்த்துப் போட மாட்டீங்களா?"

"ஆமா, என் சாக்ஸைப் பார்க்கத்தான் ஊரே காத்துக்கிட்டு இருக்கு!" என்று ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கவலை அவருக்கு.

"என்ன, எல்லாம் மனசுல இருக்குல்ல?" என்றார் இப்போது.

"இருக்கு. ஆனா..."

"என்ன ஆனா?"

"எனக்கு அங்க மூணு தெரியலையேப்பா. நாளைக்கு ஓடுபாதைல சிவப்பும் பச்சையுமா விளக்கு எரியும். பின்னாடி அத்தனை பேர் என்னை நம்பி உட்கார்ந்திருப்பாங்க. அப்போ யார்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்றது?"

அவருக்குச் சுருக்கென்றது. அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "அப்பாவும் வரட்டும், ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்று சிரித்தார். மேஜைமேல் அதே மாதிரி புத்தகம்.

"படிம்மா."

"பன்னிரண்டு."

அடுத்த பக்கம். மகள் ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். மூணு, மூணு என்று அவர் உதடு அசைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எட்டு, டாக்டர்."

போச்சு, என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார் வாட்ச்காரர்.

"இது?"

"எழுபத்துநாலு."

டாக்டர் பேனாவால் குறித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு குறியும் வாட்ச்காரர் நெஞ்சில் விழுந்தது. அத்தனையும் தப்பு! கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் வந்தது. பொய் சொல்லி ஜெயிக்க மாட்டேன் என்கிறாளே, யார் வளர்த்த பிள்ளை! ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்றோடு அவள் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவளாகவே தங்கிவிடுவாளே.

டாக்டர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். அதே நாற்பத்தைந்து. குழந்தைக்குக்கூடத் தெரியும், அவ்வளவு தெளிவாக இருந்தது.

"இதுல எனக்கு எதுவும் தெரியல, டாக்டர்" என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "நல்லாப் பாரும்மா! நாற்பத்தஞ்சு! முன்னாடியே இருக்கே, நாற்பத்தஞ்சு!" என்று எழுந்தேவிட்டார்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மகளைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தார்.

"டாக்டர், மன்னிச்சிடுங்க. அவ பயத்துல உளர்றா. இன்னொரு தடவை..."

"உங்களுக்கு நிஜமாவே இதுல நாற்பத்தஞ்சு தெரியுதா சார்?"

"தெரியாம என்ன? என் கண்ணுக்கு என்ன குறைச்சல்?"

டாக்டர் மகளின் தாளில் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார். "உங்க பொண்ணு இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பாச் சொல்லல. இந்தப் பக்கத்துல நம்பரே கிடையாது. சிவப்பு பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாதவங்க கண்ணுக்கு மட்டும்தான் நாற்பத்தஞ்சு தெரியும்."

வாட்ச்காரர் மெல்லக் குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தார். இரண்டும் அச்சு அசல் ஒரே நிறமாகத்தான் இருந்தன.